கண்ணாடிக்கு வைத்த பொட்டு

எனக்கு வலக்காது கேளாது. எப்படிப் போனது என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேட்பதில்லை. சண்டை நடந்த மண், கேட்காமலே விளங்கும். நானும் அதைப் பெரிய குறையாக நினைத்ததில்லை. கதைக்க வருகிறவர்களை இடப்பக்கம் இருத்தினால் காரியம் முடிந்தது. கோயிலிலும் மணிச்சத்தம் இடக்காதில் விழுகிற மாதிரி நின்றுதான் கும்பிடுவேன். உயிரையும் இரண்டு கண்ணையும் விட்டுவைத்த பிள்ளையாரிடம் ஒரு காதுக்காக வழக்காடலாமா?

சைக்கிளில் ஏறினால்தான் அந்தக் காது தன் வேலையைக் காட்டும்.

ஒரு காது மட்டும் கேட்கிறவர்களுக்கு இது தெரியும். சத்தம் எங்கிருந்து வந்தாலும் கேட்கிற காதின் பக்கமிருந்து வருவது போலத்தான் இருக்கும். எனக்குப் பின்னால் வருகிற எல்லா வாகனமும் இடப்பக்கமாக, றோட்டுக்கரைப் புல்லுக்குள்ளால் வருவது போலக் கேட்கும். இடப்பக்கம் வருகிறதே என்று நான் வலப்பக்கம் ஒதுங்குவேன். அதாவது, வழி விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நடு றோட்டுக்குப் போவேன். சரி, திரும்பிப் பார்ப்போம் என்று தலையைத் திருப்பினால், தலை போகிற பக்கம் ஹாண்டிலும் போகும்.

எங்கள் வீடு வன்னியில், விசுவமடுவுக்குக் கிட்ட. இவர் வயல் செய்கிறார். இவர் என்று நான் எழுதுவது என் வீட்டுக்காரரை. மகள் கலியாணம் முடித்து வவுனியாவில் இருக்கிறாள். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குள் போனது அகப்பையோடு. வீட்டிலிருந்து நாலு கிலோமீற்றர். விடியக் குளித்து, விளக்கு வைத்து, திருநீறு பூசி, கரியரில் பூசணிக்காயையோ கீரைக்கட்டையோ கட்டிக்கொண்டு ஆறு மணிக்கு ஏறினால் ஆறரைக்கு அங்கே அடுப்பு எரியும். அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. சைக்கிள் இல்லையென்றால் எனக்கு அந்த வேலை இல்லை.

ஒருநாள் காலையில் மண் ஏற்றிய டிப்பர் ஒன்று பின்னால் வந்தது. வழமை போல இடப்பக்கம் கேட்டது. வழமை போல வலப்பக்கம் ஒதுங்கினேன். ஹோர்ண் அடித்த அடியில் கரியரிலிருந்த கீரைக்கட்டு விழுந்துவிட்டது. டிப்பர் என் முழங்கையை உரசாத குறையாகப் போனது. அன்று பார்த்து இவர் றோட்டோரக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கிளாசோடு ஓடி வந்தார்.

"நீர் டிப்பருக்கு வழி விட்டனீரோ, அதுக்குக் கீழ போகப் பாத்தனீரோ?"

"அது இடப்பக்கத்தால வந்ததப்பா."

"டிப்பர் என்ன வாய்க்காலுக்கையோ ஓடும்?"

அன்று பின்னேரம் மகள் போன் எடுத்தாள். இவர்தான் சொல்லியிருக்க வேண்டும். போனை இடக்காதில் வைத்தேன்.

"அம்மா, இனிச் சைக்கிளைத் தொடாதேங்கோ. வேலை வேண்டாம். வீட்டில இருங்கோ."

"வீட்டில இருந்து என்ன செய்யிறது பிள்ளை?"

"உயிரோட இருங்கோ."

அவள் குரல் அழுகிற குரலாக இருந்தது.

மூன்று நாள் நடந்தே போனேன். நாலு கிலோமீற்றர் நடந்தால் அடுப்பு மூட்ட ஏழு மணி தாண்டிவிடும். மூன்றாம் நாள் மணி அடித்தபோது சோறு இன்னும் வடிக்கவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகள் கோப்பைகளோடு வரிசையில் நின்று, கோப்பையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளையும் முறைப்பாடு சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்னோடு சமைக்கிறவள் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து இங்கே கலியாணம் முடித்து வந்தவள். வேதக்காரப் பிள்ளை, வாய் கொஞ்சம் கூட. என்னைவிடப் பத்து வயது குறைவு. அவள்தான் சோற்றை வடித்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, மோட்டச்சைக்கிளுக்கு இருக்கிற மாதிரி ஒரு கண்ணாடியைப் பூட்டுங்கோவன். காது கேக்காட்டிக் கண்ணால கேளுங்கோ."

அன்றைக்கே சைக்கிளை உருட்டிக்கொண்டு சந்திக் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி எல்லாரோடும் பகிடி விடுகிறவன்.

"சைக்கிளுக்குக் கண்ணாடியோ? அக்கா, இந்த வயதில ஆரைத் திரும்பிப் பாக்கப் போறியள்? ஆர் வாறான் பின்னால?"

"டிப்பர் வாறான் தம்பி."

சிரிப்பை நிறுத்திவிட்டு என் காதுப் பக்கம் பார்த்தான். பிறகு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த வட்டக் கண்ணாடியை எடுத்து வந்தான். ஹாண்டிலின் வலப்பக்கத்தில் ரியூப் துண்டைச் சுற்றி, அதன் மேல் இறுக்கினான். என்னை ஏறி இருக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நடந்து போய் நின்றான்.

"தெரியுதோ?"

"தெரியுது. சின்னனாத் தெரியுறாய்."

"சின்னனாத்தான் தெரியும். ஆனா கிட்டத்தான் நிக்கிறன். அதை மனசில வச்சுக்கொள்ளுங்கோ. தூரத்தில நிக்கிறான் எண்டு நம்பித் திரும்பிப்போடாதேங்கோ."

இவ்வளவும் நன்றாகத்தான் நடந்தது. பிழையை விட்டது அதற்குப் பிறகு. விட்டதும் நான்தான்.

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு பொருள் வந்தால் சும்மா பாவிப்பதில்லை. உழவு இயந்திரம் வந்தாலும் தண்ணீர் இறைக்கிற மோட்டர் வந்தாலும் சாமிக்கு முன்னால் நிறுத்தித் திருநீறு, சந்தனம், குங்குமம் வைத்துத்தான் வேலை தொடங்குவோம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைக்காமல் எந்த வாகனக்காரரும் தாண்டிப் போவதில்லை. என் சைக்கிள் மட்டும் என்ன குறைந்தது? ஒரு வெள்ளிக்கிழமை விடிய அதைக் கழுவித் துடைத்து எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனேன். கிணற்றடியில் நின்ற பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"என்ன, சைக்கிளும் முகம் பாத்துப் பவுடர் போடுதோ?"

"பூசையோ? அப்ப அடுத்த மாதம் கப்பல் வாங்குவியள்."

நானும் சிரித்தேன். சூடம் கொளுத்தி மூன்று தரம் சுற்றினேன். முன் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். பொட்டு எங்கே வைப்பது? வந்த புதுச் சாமான் கண்ணாடிதானே. கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். "பிள்ளையாரே, இனி என்ர முதுகு உம்முடைய பொறுப்பு" என்று சொன்னேன். பெருவிரல் நகமளவு பொட்டு. பார்க்க வடிவாகவும் இருந்தது.

அன்றிலிருந்து பயமில்லாமல் ஓட்டினேன். காது இடப்பக்கம் என்று சொன்னாலும் கண்ணாடியில் வாகனம் வலப்பக்கம் வருவது தெரியும். வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டு கரையாகவே போவேன். மகளிடமும் சொன்னேன். "பாத்து அம்மா" என்றாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒவ்வொரு வெள்ளியும் கோயிலால் வரும்போது கண்ணாடிக்கும் பொட்டு வைத்தேன். பழைய பொட்டை அழிக்கவில்லை. அதன் மேலேயே வைத்தேன். பொட்டை அழிக்கிறது என்றால் எங்கள் ஊரில் அது லேசான வார்த்தை இல்லை. எத்தனை வீடுகளில் அதைக் கண்ணால் பார்த்தவள் நான். என் கையால், சாமிக்கென்று வைத்த பொட்டை, ஒரு துணியால் துடைத்துவிட எனக்கு மனம் வராது. சந்தனத்துக்கு மேல் சந்தனம் காய்ந்து, இரண்டு மாதத்தில் அது ஒரு ரூபாய் நாணயக்குத்தி அளவுக்கு வந்துவிட்டது. நான் கழுத்தைச் சரித்து, பொட்டுக்குப் பக்கத்தால் எட்டிப் பார்க்கப் பழகிவிட்டேன். பழகியதே எனக்குத் தெரியாது. அந்தக் கரைப் பிள்ளைதான் கண்டுபிடித்தாள்.

"அக்கா, என்ன கோழி பாக்கிற மாதிரிப் பாத்து ஓடுறியள்? கழுத்துச் சுளுக்கோ?" என்று கேட்டவள், கிட்ட வந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்கட அண்ணன்ர மீன்பிடி போட்டில மாதா படம் ஒட்டித்தான் கிடக்கு. ஆனா ஜிபிஎஸ்ஸுக்கு மேல ஒட்டேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு எங்கள் வழக்கம் தெரியாது என்று நினைத்தேன். அன்று முழுக்க அவளோடு உப்பு எங்கே, அகப்பை எங்கே என்பதற்கு மேல் கதைக்கவில்லை. அவளும் விட்டுவிட்டாள்.

அதற்கு அடுத்த கிழமை. பூசணிக்காய் கனம், நேரமும் நன்றாகப் பிந்திவிட்டது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருகிற நேரம். பெரிய றோட்டிலிருந்து பள்ளிக்கூட ஒழுங்கைக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். கண்ணாடியைப் பார்த்தேன். பொட்டுக்கு இந்தப் பக்கம் வெறும் றோட்டு, அந்தப் பக்கமும் வெறும் றோட்டு. கழுத்தைச் சரிக்க மறந்துவிட்டேன். கையைக் காட்டித் திரும்பினேன்.

பிறேக் பிடித்த சத்தம் இடக்காதுக்குள் கிழித்தது. மோட்டார் சைக்கிள் ஒன்று என் பின் சில்லை விட்டு விலகி, றோட்டுக்கரை மண்ணில் இழுபட்டுச் சரிந்தது. ஓட்டியவர் ஒரு பிள்ளையின் தகப்பன். முன்னால் இருந்தது அவருடைய மகள், முதலாம் வகுப்பு. என் கையால் சோறு வாங்கிச் சாப்பிடுகிற பிள்ளை. அவள் மண்ணில் இருந்தபடி என்னையே பார்த்தாள். முழங்காலில் தோல் உரிந்து இரத்தம் பொடித்திருந்தது. தண்ணீர்ப் போத்தல் வெடித்துச் சட்டையெல்லாம் ஈரம்.

"கண்ணாடி பூட்டி வச்சிருக்கிறியள், பாக்கத் தெரியாதோ?" என்று அந்த மனிதர் கத்தினார். "வடிவுக்கோ வச்சிருக்கிறியள்? பிள்ளை செத்திருக்கும்!"

பார்த்தேன் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியைத் திரும்பப் பார்த்தேன். தூரத்தில் ஒரு ஓட்டோ வந்துகொண்டிருந்தது. நான் நேராகப் பார்க்கும்போது ஓட்டோ இல்லை. கழுத்தைச் சரித்தால் ஓட்டோ. நேராகப் பார்த்தால் பொட்டு. ஒரு முழு ஓட்டோ பொட்டுக்குள்ளே ஒளிந்திருந்து பிறகு என்னைத் தாண்டிப் போனது.

அன்று சமையல் எப்படி முடிந்தது என்று தெரியாது. அந்தப் பிள்ளை முழங்காலில் மருந்து போட்டுக்கொண்டு வரிசையில் வந்து கோப்பையை நீட்டினாள். அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டு போட்டதில் சோறு வெளியே சிந்தியது. "பறவாயில்லை" என்று பிள்ளை சொன்னது. அடுப்படிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். கரைப் பிள்ளை வந்து என் தோளைப் பிடித்தாள். போன கிழமை சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது இவருக்குக் கதை ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. முற்றத்தில் நின்றார்.

"முடிஞ்சுது," என்றார். "சைக்கிளைக் கொட்டிலுக்கை போடும். நாளைக்குப் போய் வேலைக்கு ஆள் பாக்கச் சொல்லும். இண்டைக்கு ஆரின்ரையோ பிள்ளை தப்பிச்சுது. நாளைக்கு?"

"கண்ணாடி பிழையில்லை."

"அப்ப என்ன பிழை?"

சொன்னேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் குனிந்து நேராகப் பார்த்தார், கழுத்தைச் சரித்துப் பார்த்தார், பிறகும் நேராகப் பார்த்தார். ஏசுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தோளிலிருந்த துவாயை எடுத்தார். பொட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனார். நின்றுவிட்டார்.

"நீர் வச்சது. நான் எப்படி அழிக்கிறது?"

"எனக்கும் ஏலாது."

"அப்ப ஆர் அழிக்கிறது?"

இரண்டு பேரும் கண்ணாடிக்கு முன்னால் நின்றோம். வெளியாள் யாரும் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மாடு கூட நின்று பார்த்தது.

அப்போதுதான் எனக்குக் கோயில் நினைவு வந்தது. பிள்ளையாருக்கு ஐயர் வெள்ளிக்கு வெள்ளி சந்தனம் சாத்துகிறார். அடுத்த முறை வந்து முதலில் என்ன செய்கிறார்? பழைய சந்தனத்தின் மேல் புதுச் சந்தனம் அப்புவதில்லை. தண்ணீர் வார்க்கிறார். பழையதெல்லாம் கழுவிக் கோமுகையால் ஓடுகிறது. வெறுங்கல்லாகப் பிள்ளையார் பளபளவென்று நிற்பார். அதற்குப் பிறகுதான் புதுப் பொட்டு. அதை அழிக்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. அபிஷேகம் என்றுதான் சொல்கிறோம். இத்தனை வருடம் கண்ணால் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றவள், என் வீட்டுக் கண்ணாடிக்கு அதைச் செய்யத் தோன்றாமல் இருந்திருக்கிறேன்.

செம்பில் தண்ணீர் எடுத்துக் கொஞ்சம் மஞ்சள் கலந்தேன். இவர் சைக்கிளை நிமிர்த்திப் பிடித்தார். பிள்ளையாரைக் கூப்பிட்டு வார்த்தேன். காய்ந்த சந்தனம் உடனே விடவில்லை. மூன்று செம்பு சென்றது. இரண்டு மாதத்துச் சந்தனம் மஞ்சளும் சிவப்புமாகக் கரைந்து செவ்வரத்தம்பூ மரத்தடிக்கு ஓடியது. பிறகு இவர் துவாயால் ஈரத்தை ஒற்றினார். அவருக்கு அது இப்போது பிழையாகத் தெரியவில்லை. கண்ணாடியில் எங்கள் வேலியும் படலையும் அதற்கு அப்பால் றோட்டும் முழுதாகத் தெரிந்தன.

புதுப் பொட்டைக் கண்ணாடியின் முதுகில் வைத்தேன். முன்னால் வருகிறவர்களைப் பிள்ளையார் பார்க்கட்டும். பின்னால் வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

"இதுக்காகச் சரியெண்டு நான் சொல்லேல்லை," என்றார் இவர். "ஒரு கிழமை நான் பின்னால வருவன். எனக்கு மனசுக்குப் படேல்லையெண்டா சைக்கிள் கொட்டிலுக்கைதான். மகளுக்கும் அப்பிடித்தான் சொல்லுவன்."

அடுத்த நாள் பள்ளிக்கூட வாசலில் அந்தத் தகப்பனுக்காகக் காத்து நின்றேன். இவர் றோட்டுக்கு அந்தப் பக்கம் தன் சைக்கிளோடு நின்றார். தகப்பன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார்.

"தம்பி, நேற்றுப் பிழை என்ர. கண்ணாடி பாத்தனான். நான் வச்ச பொட்டு உங்களை மறைச்சுப்போட்டுது."

"பொட்டோ?"

கண்ணாடியைக் காட்டினேன். முன்பக்கமும் பார்த்தார், முதுகும் பார்த்தார்.

"அப்ப என்னைப் பிள்ளையாரே மறைச்சவர்?"

"பழியைப் பிள்ளையார் மேல போடாதேங்கோ. வச்சது நான்."

அவருக்கு முழுதாகச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் பிள்ளையை இறக்கி விட்டு, "அன்ரியோட போ" என்றார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். வழியில் முழங்காலைக் காட்டி, எந்த இடத்தில் எரிகிறது, எந்த இடத்தில் எரியவில்லை என்று விளக்கமாகச் சொன்னாள். புதுத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை அடுத்த நாள் வாங்கிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து இவர் தினமும் விடிய எழும்பி என் பின்னால் வந்தார். நான் எப்படிப் போகிறேன், எப்போது பார்க்கிறேன் என்று சோதனை எடுக்கிறவர் மாதிரி வந்தார். நான் நேராக இருந்து, கழுத்தைச் சரிக்காமல், அடிக்கடி கண்ணை மட்டும் கண்ணாடிக்குக் கொண்டுபோய் வந்தேன். சின்னதாகத் தெரிகிறவன் கிட்டத்தான் நிற்கிறான் என்று கடைக்காரத் தம்பி சொன்னதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

நாலாம் நாள் டிப்பர் வந்தது. முதலில் கண்ணாடியில் ஒரு மஞ்சள் புள்ளி. பிறகு சத்தம். காது இடப்பக்கம் என்றது. கண் வலப்பக்கம் என்றது. பழக்கத்தில் கை வலப்பக்கம் திருப்பப் பார்த்தது. ஆனாலும் ஹாண்டிலைக் கரையோடு பிடித்து வைத்தேன். டிப்பர் வலப்பக்கத்தால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம், அவ்வளவு இடம்.

புழுதி அடங்கியதும் கண்ணாடியைப் பார்த்தேன். இவர் பத்துப் பன்னிரண்டு அடி பின்னால் வந்துகொண்டிருந்தார். டிப்பர் போன பக்கமே பார்த்துக்கொண்டு, உடுத்திருந்த சாரத்தைக் கவனிக்காமல்.

"இஞ்சரப்பா," என்று திரும்பாமலே கூப்பிட்டேன். "சாரத்தைத் தூக்கிக் கட்டுங்கோ. கரை செயினுக்கை போகப் போகுது."

அவர் குனிந்து பார்த்தார். சட்டென்று பிறேக் பிடித்து இறங்கினார். சைக்கிளை மதகுச் சுவரில் சாத்திவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டினார். நான் நிற்கவில்லை, அடுப்புக்கு நேரமாகிவிட்டது. கண்ணாடியில் அவர் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் பக்கம் பார்த்து நின்றார். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்தார். மகளுக்குத்தான். கிழமை முடிய இன்னும் நாள் கிடந்தும், கதைத்தபடியே ஒரு கையால் சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பினார்.